உகோரு மதிலில் வளர்ந்த கை

உகோரு நாட்டின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் அதன் மதிலில்தான் தொடங்குவார்கள், மதிலைப் பற்றிப் பேசும்போது தலைகுனிய வேண்டிய அவசியம் இல்லை என்பது அவர்கள் எண்ணம், நானும் மதிலிலேயே தொடங்குகிறேன், ஆனால் தலை குனிந்துகொண்டு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், பெரிய ஆறு கடலுக்குப் போகும் வழி தெரியாமல் பல கிளைகளாகப் பிரிந்து சேற்றுக்குள் அலைகிற இடத்திலிருந்து சில நாள் நடையில், செம்மண்ணைக் காலால் மிதித்துக் கையால் உருட்டி அந்த மதிலை எழுப்பினார்கள். கடலில் முதல் வெள்ளைப் பாய் தெரிவதற்கு முன்பே அது யானை உயரத்தைத் தாண்டியிருந்தது. மழை அதைக் கரைக்கும், மக்கள் மறுபடி பூசுவார்கள், மறுபடி மழை கரைக்கும், மறுபடி பூசுவார்கள், இப்படி மழைக்கும் மக்களுக்கும் ஓயாமல் நடந்த வழக்குக்கு நடுவே அரசர்கள் பலர் பிறந்து, முடிசூடி, செத்துப்போனார்கள்.

மழை நின்ற மாதத்தில் மதில் பூசும் திருவிழா. அந்த வருடம் பால்பல் விழுந்த பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்து, இடுப்பில் புதுத்துணி கட்டி மதிலடிக்குக் கூட்டிப்போவார்கள். ஈர மண்ணில் பிள்ளை தன் வலக்கையைப் பதித்துவிட்டால் அது மதிலின் பிள்ளை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பெற்றவன் விற்க முடியாது, அரசனும் விற்க முடியாது, பஞ்சம் வந்தாலும் முடியாது, போர் வந்தாலும் முடியாது. வலக்கை என்பது முக்கியம். வலக்கை சாப்பிடுகிற கை, வணங்குகிற கை, கொடுத்து வாங்குகிற கை. இடக்கை எதற்கு என்று சொல்லத் தேவையில்லை, நமக்கும் அதற்குத்தான்.

பிள்ளையின் கையைப் பிடித்து மண்ணில் அழுத்துகிறவள் பெற்ற தாயாக இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரியாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி. பின்னால் எப்போதாவது வழக்கு வந்தால் அவள்தான் சாட்சி. தன் பிள்ளை என்றால் தாய் பொய் சொல்வாள், அடுத்த வீட்டுக்காரிக்குப் பொய் சொல்ல என்ன தலையெழுத்து என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் யோசித்திருந்தார்கள். அடுத்த வீட்டைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆனாலும் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் விதியின் வாலில் இன்னொன்றையும் கட்டிவைத்தார்கள்: கையைப் பற்றிப் பொய்ச் சாட்சி சொன்னவள், போன பிள்ளைக்கு ஈடாகத் தன் வீட்டுப் பிள்ளையைத் தர வேண்டும்.

முதலில் கப்பல்காரர்களுக்கு உகோரு மிளகு விற்றது, பிறகு துணி விற்றது, பிறகு யானைத் தந்தம் விற்றது. யானைகள் காட்டுக்குள் தூரமாகப் போய்விட்டன. பக்கத்து நாட்டான் துப்பாக்கி வாங்கினான் என்று கேள்விப்பட்டதும் உகோருவும் துப்பாக்கி வாங்கியது, துப்பாக்கிக்கு மிளகு போதாது, மனிதர்கள் வேண்டும் என்று கப்பல்காரர்கள் சொன்னபோது, அதற்கென்ன, போரில் பிடித்த கைதிகள் இருக்கிறார்களே என்று உகோரு சொன்னது. அந்தக் கைதிகளும் யாரோ ஒருத்தி பெற்றவர்கள்தாம். ஆனால் அவர்கள் கை நம் மதிலில் இல்லையே என்று ஊர் நிம்மதியாகச் சாப்பிட்டது. கைதிகளைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கினார்கள், துப்பாக்கியைக் கொண்டு கைதிகளைப் பிடித்தார்கள், சுற்றிலும் கிராமங்கள் காலியாகிக் காலியாகி ஒருநாள் பிடிக்க ஆளே இல்லாமல் போனது. கப்பல் மட்டும் ஆற்றின் வாயில் வழக்கம்போல வந்து நின்றது.

மதிலின் சட்டத்தை மீற அரசருக்கு மனம் வரவில்லை. அவர் நல்லவர், முன்னோர்களுக்குப் பயந்தவர், சட்டத்தில் ஓட்டை எங்கே என்று தேடத்தான் மனம் வந்தது. யாருடைய கையாவது தவறாகப் பதிந்திருந்தால் அவர் மதிலின் பிள்ளை இல்லையே! ஆகவே தெருத் தெருவாகக் கைகளை விசாரிக்கும்படி மந்திரிகளை அனுப்பினார்.

சாயத் தெருவில் பெண்கள் அவுரி ஊறவைத்துத் துணிக்கு நீலம் ஏற்றுவார்கள். அந்தத் தெருவில் இசோகேவும் ஏக்கியும் அடுத்தடுத்த வீடு. இருவரும் ஒரே தொட்டியில் துணி முக்கினார்கள், ஒரே அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்தார்கள், இருவருக்கும் ஒவ்வொரு மகள், இருவர் மகளுக்கும் ஒரே மாதத்தில் பால்பல் விழுந்தது. ஏக்கியின் மகள் ஒசாசுவின் கையை இசோகே பிடித்து மதிலில் அழுத்தினாள். இசோகேவின் மகள் அடேசுவாவின் கையை ஏக்கி பிடித்து அழுத்தினாள். இதைவிட நெருக்கமாக இரண்டு வீடுகள் இருக்க முடியாது என்றுதான் தெருவே சொன்னது.

மந்திரி வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். எந்த வீடு என்று குறி கேட்டுக் கோலாக் கொட்டையைப் பிளந்து எறிந்து பார்த்தார்கள், அது இசோகேவின் வீட்டைக் காட்டியது. அடேசுவாவின் கையை விசாரிக்க வேண்டும்.

"அவ கையைப் பிடிச்சது யாரு?"

"நான்தான்," என்று ஏக்கி முன்னால் வந்தாள். "வலக்கைதான் ஐயா. இந்தக் கையாலதான் பிடிச்சேன். எந்தச் சாமி முன்னால வேணும்னாலும் சொல்றேன்."

மந்திரி எழுந்திருக்கவில்லை. வெற்றிலை மெல்கிறவரைப் போல வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார். "எல்லாத் தெருவிலயும் வலக்கை வலக்கைன்னுதான் சொல்றீங்க. அரசருக்கு நான் என்ன பதில் சொல்ல? இந்தத் தெருவில ஒரு கையாவது தப்பா இருந்தாகணும்." அவர் பார்வை மறுபடி அடேசுவாவிடமே போய் நின்றது. அடேசுவா அம்மாவின் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, என்னை அனுப்பாதே" என்றாள்.

"ஒசாசு இடக்கை வெச்சா," என்றாள் இசோகே. "நான்தான் கையைப் பிடிச்சேன். அன்னிக்குக் கூட்டத்துல சரியா கவனிக்கல. இப்பத்தான் ஞாபகம் வருது."

ஏக்கிக்கு முதலில் புரியவே இல்லை. அவள் சிரித்துவிட்டாள்கூட. "அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. உன் மக கையைப் பத்தி இப்பத்தானே நான் சொன்னேன்?"

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

தெருவில் அத்தனை பேர் நின்றார்கள். ஒசாசு இடக்கைப் பழக்கக்காரி, மரத்துக் காயை விழவைக்க இடக்கையால்தான் கல் எறிவாள், அதற்காகத் தாயிடம் அடி வாங்குவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். மதிலில் அவள் வைத்தது வலக்கை என்பதும் எல்லோருக்கும் தெரியும், அன்றைக்குச் சுற்றிநின்று பாட்டுப் பாடியவர்கள்தானே. இந்த இரண்டில் முதலாவதை மட்டும் மந்திரியிடம் சொன்னார்கள். போய் மதிலைப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைக் கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி, மழையில் கரைந்து, எது கட்டைவிரல் எது சுண்டுவிரல் என்று தெரியாமல் கிடந்தன. சாட்சியின் சொல்லே போதும் என்று மந்திரி எழுந்துவிட்டார். ஒசாசுவைக் கூட்டிப்போனார்கள். தெருமுனை வரைக்கும் அவள் இரண்டு கையையும் மாற்றி மாற்றி நீட்டி, "எந்தக் கையை வெச்சா விடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

அடுத்த மழை முடிந்து மதில் பூசப் போனவர்கள் அந்தக் கை வளர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளின் கை பதித்த அளவிலேயே இருக்க, ஒசாசுவின் கை மட்டும் சுற்றியிருந்தவற்றை மெல்ல ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, பிள்ளை வளர்கிற கணக்கில் வளர்ந்திருந்தது. தொட்டால் கொஞ்சம் சூடு. மற்றத் தெருக்களிலும் இப்படிப் போன பிள்ளைகளின் கைகள் அங்கங்கே வளர்ந்திருந்தன. யாரும் அலறவில்லை. உரம் போட்ட செடி வளர்கிறது, ஊட்டிய பிள்ளை வளர்கிறது, வயிற்றில் கட்டி வளர்கிறது, இதுவும் வளர்கிறது, அவ்வளவுதான். இது எப்படி நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. இதை என்ன செய்வது என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

மேலே மண் பூசிப் பார்த்தார்கள், மண் காய்வதற்குள் கை அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. சுண்ணாம்பு அடித்தார்கள். முள்செடி நட்டார்கள், ஆடு வந்து தின்றது. பிறகு பழகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்று நாம் சொல்கிறோம், உகோருக்காரர்களைக் கேட்டால் பூசணிக்காய் கஷ்டமே இல்லை, சோறு நிறைய வேண்டும் அவ்வளவுதான் என்பார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் அந்தக் கைகளின் அடியில் சுமையை இறக்கி வைத்தார்கள், கூடை முடைகிறவர்கள் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து முடைந்தார்கள், வெளியூர்க்காரன் கேட்டால், எங்கள் மதில் ராசியான மதில் என்றார்கள்.

ஆனால் கை வளர வளர ஒரு சிக்கலும் வளர்ந்தது. சின்னதாக இருந்தபோது எந்தக் கை என்று தெரியவில்லை. இப்போது கட்டைவிரல் தனியாக, நான்கு விரலும் தனியாக, உள்ளங்கை ரேகை உள்பட, கண் தெரியாதவனும் தடவிச் சொல்லலாம், அது வலக்கை. ஒன்று வலக்கை என்றால் எல்லாம் வலக்கை. இத்தனை பிள்ளைகளையும் சட்டத்தை மீறித்தான் விற்றோம் என்று மதில் பட்டப்பகலில் சொல்லிக்கொண்டு நின்றது. அரசர் மந்திரிகளை அனுப்பினார். அவர்கள் வெகுநேரம் பார்த்தார்கள், தூரத்திலிருந்து பார்த்தார்கள், குனிந்து பார்த்தார்கள், திரும்பிப் போய், "இடக்கைதான் அரசே" என்றார்கள். முரசு அறைந்து ஊருக்கும் சொல்லிவிட்டார்கள்.

முரசு சொன்ன பிறகு, ஒரு பொடியன் தன் சோற்றுக்கையைக் கொண்டுபோய் மதில் கைக்குள் பொருத்திக் காட்டி, "அப்போ இதுவும் இடக்கையா?" என்று கேட்டுவிட்டான். அவனை அடித்தார்கள், ஆனால் கேள்வி அடிக்கு அடங்கவில்லை. அரசர் யோசித்து மறுபடி முரசு அறையச் சொன்னார். மதிலில் இருப்பது இடக்கை, ஆகவே அதில் பொருந்துகிற கையும் இடக்கை, ஆகவே மக்கள் இனி மற்றக் கையால் சாப்பிட வேண்டும், மற்றக் கையால் வணங்க வேண்டும், மற்றக் கையால் கொடுத்து வாங்க வேண்டும்.

இப்படித்தான் ஒரு நாடு முழுக்க ஒரே நாளில் கை மாறியது. இடித்த கிழங்குக் களியை உருட்டிக் குழம்பில் முக்கி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் குழம்பு முழங்கை வரை ஒழுகியது. மானமுள்ள குடும்பத் தலைவர்கள் பிள்ளைகளுக்கு முன்னால் மூக்கில் களியை அப்பிக்கொண்டார்கள். உழவர்கள் கத்தியைக் கை மாற்றிப் பிடித்துத் தங்கள் காலையே வெட்டிக்கொண்டார்கள். பித்தளை வார்க்கிறவர்கள் அரசரின் உருவத்தை வாளும் கேடயமும் இடம் மாற்றி வார்த்தார்கள். ஒருவர் மற்றவருடைய கையைப் பார்க்காமல் சாப்பிடப் பழகினார்கள், பிறகு ஒருவர் மற்றவருடைய முகத்தைப் பார்க்காமலும் சாப்பிடப் பழகினார்கள். ஒவ்வொரு கவளத்திலும் அது தெரிந்தது, எதற்காக இந்தக் கையால் தின்கிறோம் என்று. வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்ததால் யாரும் பேசவில்லை, பேசாததால் வெட்கம் போகவும் இல்லை. புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் ஒரு கஷ்டமும் இல்லை.

மாறாதவள் ஏக்கி ஒருத்திதான். அவள் வாசலில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, பழைய கையாலேயே சாப்பிட்டாள். முரசுக்காரன் போய் அரசரிடம் சொன்னான். பைத்தியத்தை விட்டுவிடு என்றார் அரசர். பைத்தியம் என்று வைத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

உகோருவில் புதுக்கையால் மிகச் சுத்தமாகச் சாப்பிடக் கற்றவள் இசோகே. அரசர் சொன்னதற்காக இல்லை. ஒசாசுவின் கையைப் பிடித்த அந்தக் கையை அவளால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை, முரசு அறைவதற்கு வெகுகாலம் முன்பே முடியாமல் போயிருந்தது. அதற்கு ஒரு துணியைச் சுற்றி, சாயத்தில் வெந்துவிட்டது என்று சொல்லிவந்தாள். ஊரே தன்னைப்போல ஆனதும் முதலில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு, என் ஒரு பொய்க்குள் இத்தனை பேரும் குடிவந்துவிட்டார்களே என்று பயம் பிடித்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் நினைக்காத நாள் இல்லை. சொன்னால், போன பிள்ளைக்கு ஈடாக அடேசுவா போக வேண்டும். நினைப்பு அங்கே வந்து நிற்கும், அவள் போய்த் துணியை முக்குவாள்.

ஏக்கி அவளிடம் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால் கால்மாட்டில் விழுந்திருக்கலாம். ஏக்கி பேசினாள், அதுதான் தாங்க முடியவில்லை. மதிலடியில் சந்தித்தால், நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோலப் பேசுவாள்.

"அக்கா, இங்க வந்து பாரேன். சுண்டுவிரல்ல ஒரு வெட்டு விழுந்திருக்கு. போன சந்தைக்கு இது இல்ல."

"பார்க்கறேன்."

"கரும்பு வெட்டற வேலையாம் அங்க. கப்பலுக்குப் படகு ஓட்டறவன் சொன்னான். இவ எந்தக் கையால வெட்டறாளோ. சின்னதுல நான் அடிச்சு அடிச்சு கையை மாத்தினேன். மாத்தாம விட்டிருந்தா வேலை சுலபமா வந்திருக்குமோ என்னவோ."

இசோகே துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"காய்ச்சல் அடிக்குதா பாரு. எனக்குக் கை காய்ச்சுப் போச்சு, சூடு சரியா தெரியல. உன் கை பஞ்சு மாதிரி. துணியை அவிழ்த்துட்டுத் தொட்டுப் பாரு."

"எனக்கு வெந்த கைடி ஏக்கி."

"இத்தனை வருஷமாவா ஆறல?" என்றாள் ஏக்கி. அதில் குத்தல் இருந்ததா, உண்மையான விசாரிப்பா என்று இசோகேவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். அழுகிற அருகதைகூடத் தனக்கு இல்லை என்று தோன்றியதும் நிறுத்திவிட்டாள்.

அடேசுவா வளர்ந்தாள். மதில் பக்கம் போகாதே என்று அம்மா சொல்லியிருந்ததால் போனாள். அவள் கையும் அந்தக் கையும் எந்த வருடம் வைத்துப் பார்த்தாலும் அளவெடுத்ததுபோல் பொருந்தின. பிறகு மதில் கை காய்ப்பேறித் தடித்துப் பெரிதானது, அவள் கை அப்படியே மெல்லிசாக நின்றது. அவளுக்குக் கல்யாணம் ஆகி, அதே தெருவில் வாழ்ந்து, வயிற்றில் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள், சாப்பிடுகிற நேரத்தில் கேட்டாள்.

"அம்மா, அன்னிக்கு நான்தானே போக வேண்டியது?"

இசோகே களியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் துணியைப் பிடிச்சுட்டு நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கும்மா. என்னை அனுப்பாதேன்னு சொன்னேன். அதனாலயா?"

"வயித்துப்பிள்ளைக்காரி, ஆறிடப் போகுது. சாப்பிடு."

அடேசுவா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு தாயும் மகளும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாததற்குள்தான் அந்த வீடு முழுக்க நடந்தது, பிள்ளைப்பேறும், பிள்ளைக்குப் பேர் வைத்ததும், எல்லாமும்.

புழுதிக்காற்று வடக்கிலிருந்து இறங்குகிற பருவத்தில், ஒரு காலைப்பொழுது, மதிலில் அந்தப் பெரிய கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கை இருந்தது. யாரும் பதித்ததில்லை. மண் ஈரமாகக்கூட இல்லை. இலந்தை இலை அளவு, விரல்கள் பாதி மூடினாற்போல, பிறந்து சில நாளே ஆன பிள்ளையின் கை. மதில் பூசுகிற பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், பிள்ளை பெற்றவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி ஓடிப்போய் ஏக்கியைக் கூட்டிவந்தாள். ஏக்கி சின்னக் கையைத் தொட்டாள். தொட்ட விரலை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் சந்தைக்குப் போனாள்.

உகோருவில் வீட்டில் பிள்ளை பிறந்தால் தாய்வழிப் பாட்டி தெருவெல்லாம் போய்க் கோலாக் கொட்டை கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் வெறும் வலக்கையை நீட்டி வாங்க வேண்டும். குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டு, அந்தப் பேரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கொட்டையைக் கடிக்க வேண்டும். அப்படித் தெரு முழுக்கச் சொன்னால்தான் பேர் குழந்தையின் மேல் ஒட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏக்கி கூடை நிறையக் கோலாக் கொட்டையோடு சாயத் தெருவின் முதல் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பழைய வலக்கையை நீட்டினால் மதிலில் இருப்பது வலக்கை என்று ஒப்புக்கொண்டதாகும். புது வலக்கையை நீட்டினால், ஒசாசுவின் பிள்ளைக்கு, பிறந்த சிசுவுக்கு, கழுவுகிற கையால் வாழ்த்துச் சொன்னதாகும். அந்தப் பாவத்தை யார் சுமப்பது? போதாக்குறைக்கு முரசுக்காரன் வேறு பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினான். ஒருத்தி முந்தானையை விரித்தாள். கெட்டிக்காரத்தனத்துக்குப் பேர்போன நெசவாளி ஒருவன் சுரைக்குடுக்கையை நீட்டினான். ஏக்கி யாரையும் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றிலும் ஒவ்வொரு கொட்டையைப் போட்டாள். வாங்கியவர்கள் பேரைக் கேட்கப் பயந்து கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்று பார்ப்பதற்காக அவள் பின்னால் நடந்தார்கள். அப்படியே தெருவே இசோகேவின் வாசலுக்கு வந்துவிட்டது.

"அக்கா, எனக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கு," என்றாள் ஏக்கி.

இசோகே துணி சுற்றிய கையைப் பார்த்தாள். அதை அவிழ்த்து நீட்டினால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். முரசுக்காரனைப் பார்த்தாள். உள்ளே அடேசுவா தன் பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருப்பது கேட்டது. மனம் எந்தப் பக்கம் போயிற்றோ, உடம்பு போன பக்கத்தை ஊரே பார்த்தது. இசோகே புதுக்கையை, கழுவுகிற கையை நீட்டினாள்.

ஏக்கி உடனே கொட்டையைப் போடவில்லை. மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுக்கிறவளைப் போலக் காத்திருந்தாள். கை மாறவில்லை. "சரி," என்று அந்தக் கையிலேயே வைத்தாள். இசோகேவுக்குத் தோல் உரிந்து நடுத்தெருவில் நிற்பதுபோல் இருந்தது. பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்று வேண்டினாள். பூமி ஊர்ப் பக்கமே நின்றது.

தாலாட்டு நின்றது. அடேசுவா பிள்ளையை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தன் பழைய வலக்கையை, உள்ளங்கை தெரிய, முரசுக்காரனின் முகத்துக்கு எதிரிலேயே நீட்டினாள்.

"எனக்கும் குடுங்க சித்தி. இது வலக்கை. மதில்ல இருக்கறதும் வலக்கைதான். அன்னிக்குப் போக வேண்டியது நான்."

"இவளுக்கு ஜன்னி," என்று இசோகே கத்தினாள். "பிள்ளை பெத்த உடம்பு, என்னவோ உளர்றா. ஐயா, இவ சொல்றதைக் காதுல வாங்காதீங்க!"

முரசுக்காரன் தரையைப் பார்த்தான். "முரசு அடிச்சு அடிச்சு எனக்குக் காது மந்தம்மா," என்றான் கடைசியில். "இவ என்ன சொன்னான்னு கேக்கல." அந்தத் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான் காது கேட்டது. இசோகேவுக்குப் போன உயிர் திரும்பியது, திரும்பிய உயிரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். மகள் பிழைத்துவிட்டாள், இந்த முறையும். அதற்காகச் சந்தோஷப்படுகிற தன்னை அவளுக்கே சகிக்கவில்லை.

ஏக்கி அடேசுவாவின் கையில் கொட்டையை வைத்து விரல்களை மூடினாள். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அது காய்ப்பு இல்லாத, வெட்டு இல்லாத கை.

அடேசுவாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் அவள் முறை தவறவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டாள். "குழந்தைக்கு என்ன பேர் சித்தி?"

ஏக்கி கூட்டத்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் இருந்த நிமிர்வு சட்டென்று முதுகிலிருந்து இறங்கிப்போனது.

"அங்க அவங்க என்ன பேர் வெச்சாங்களோ," என்றாள். "எனக்கு யாரும்மா வந்து சொல்லுவா?"

இரண்டு கையில் வாங்கியவனும், முந்தானையில் வாங்கியவளும், சுரைக்குடுக்கையில் வாங்கியவனும், கதவைச் சாத்திவிட்டுச் சந்து வழியாக எட்டிப் பார்த்தவர்களும் அதைக் கேட்டார்கள், காது மந்தமானவனும் கேட்டான். சொல்வதற்குப் பேர் இல்லாமல் யாரும் கொட்டையைக் கடிக்க முடியாது. இசோகே அதைக் கடிக்கவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல், நீட்டிய கையை நீட்டியபடியே வாசலில் நின்றாள்.